ஒரு பெயர் பூண்ட ஊர்கள்

ஊருக்குப் பெயர் வைப்பது எதற்காக? ஓர் ஊரை மற்றோர் ஊரினின்றும் பிரித்தறிவதற்காக என்றே எவரும் விடை கூறுவர். அங்ஙனமாயின், ஒரே பெயரை இரண்டு ஊர்கள், மூன்று ஊர்கள், சிலவேளை பத்து ஊர்கள்கூடப் பூண்டு நிற்பது எவ்வாறு நேர்ந்தது? தபாற் கந்தோரில் கடிதங்களைப் பிரித்து அடுக்குவோர் இவ்வினாவின் இடரை நன்கு அறிவர். வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்போரும் அறிவர். “புதுக்குடியிருப்பைப் பிறப்பிடமாகக் கொண்டவர்” என்று வாசித்து, எந்தப் புதுக்குடியிருப்பு என்று சொல்லாது விட்டால், முல்லைத்தீவில் ஒரு குடும்பமும், மட்டக்களப்பில் ஒரு குடும்பமும், மன்னாரில் ஒரு குடும்பமும் ஒருங்கே துணுக்குறும்.

இது நடைமுறையில் எழும் இடர். வரலாற்றில் எழும் இடர் இதனினும் பெரிது. இரண்டு ஊர்களுக்கு ஒரு பெயர் இருப்பதைக் கண்டவுடன் நம்மவர் பெரும்பாலும் ஒரு முடிவுக்கு வந்துவிடுவர். ஓர் ஊரிலிருந்த மக்கள் மற்றோர் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். பெயர்ந்தவர் தம் பழைய ஊர்ப்பெயரையும் உடன் கொண்டு சென்றனர் என்பதே அம்முடிவு. இம்முடிவின்மேல் குலவரலாறு எழுப்பியோர் உளர். எது தாயூர், எது சேயூர் என்று வழக்காடுவோர் உளர். நிலத்துக்கு உரிமை பேசுவோரும் உளர். ஆயினும் பெயரொற்றுமை என்னும் இச்சான்று அத்துணைப் பாரத்தைத் தாங்க வல்லதன்று. ஒரு பெயர் பூண்ட ஊர்களுள், நிலத்திலே தனித்தனி முளைத்த பெயர்களும் உண்டு. கப்பலேறி வந்திறங்கிய பெயர்களும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறியாதவரை பெயரைக் கொண்டு வரலாறு எழுதல் கூடாது. இதனை விளக்குதற்கு நம் நாட்டிலேயே தக்கதோர் எடுத்துக்காட்டு உண்டு. அதுவே காரைதீவு.

இலங்கையில் காரைதீவு என்னும் பெயரால் மூன்று இடங்கள் வழங்கின. யாழ்ப்பாணத்துக்கு மேற்கேயுள்ள தீவுக்கூட்டத்தில் ஒன்று. இன்று காரைநகர் எனப்படுவது அதுவே. கிழக்கு மாகாணத்தில், சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே கடலோரமாக உள்ளது இரண்டாவது. மூன்றாவது, புத்தளம் பகுதியில், கற்பிட்டிக்கு வடக்கே கிடக்கும் நீண்டு ஒடுங்கிய மணற்றீவு. இம்மூன்றும் ஒன்றற்கொன்று நெடுந்தூரத்தில் உள்ளன. முதலாவது பனையும் கற்பாங்கான நிலமும் கொண்டது. இரண்டாவதற்குக் கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். மூன்றாவது மீனவரும் காற்றும் மணலும் ஆட்சி செய்யும் இடம்.

இவற்றுள் எது எதிலிருந்து பிறந்தது? எதுவும் எதிலிருந்தும் பிறந்திருக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. காரை என்பது வறண்ட நிலத்திலும் கரையோரத்திலும் வளரும் முட்செடி. நம் கரையோரங்களிற் காரை இல்லாத இடமே அரிது எனலாம். தீவு என்னும் சொல்லோ, நாற்புறமும் கடல் சூழ்ந்த நிலத்தை மட்டும் குறித்ததன்று. முல்லைத்தீவு கடலாற் சூழப்பட்டதன்று. எனினும் அது தீவு என்றே பெயர் பெற்றது. கிழக்கிலுள்ள காரைதீவும் அத்தகையதே. ஒருபுறம் கடலும் மறுபுறம் மாரிகாலத்தில் வெள்ளம் பரக்கும் தாழ்நிலமும் இருக்க, இடையே மேடாய் நின்ற இடத்தைத் தீவென்று அழைத்தனர் போலும். ஆகவே காரை வளர்ந்த தீவையோ திடரையோ கண்ட தமிழ் மகன், வடக்கில் நின்றாலும் கிழக்கில் நின்றாலும் மேற்கில் நின்றாலும், அதனைக் காரைதீவு என்றே அழைத்திருப்பான். அவன் மற்றவனைக் கேட்டறிந்து பெயரிட்டான் என்று கொள்வதற்குத் தேவையில்லை.

புளியந்தீவும் இவ்வாறே. மட்டக்களப்பு நகரத்தின் பழைய பகுதி, வாவியின் நடுவேயுள்ள புளியந்தீவில் அமைந்தது. போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டிற் கோட்டை கட்டியதும், 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியதும் அவ்விடத்திலேதான். அனலைதீவை அடுத்தும் ஒரு சிறு புளியந்தீவு உண்டு. அங்கிருந்து நாகமொன்று நாள்தோறும் பூக்கொண்டு கடல் நீந்தி, நயினாதீவு அம்மனை வழிபட்டது என்பது தீவகத்தார் போற்றும் ஐதிகம். ஒரு புளியந்தீவு கோட்டையால் அறியப்பட்டது. மற்றது நாகத்தால் அறியப்பட்டது. இரண்டுக்கும் பொதுவாய் நின்றது புளியமரம் ஒன்றே.

தனிப்பெயரை விட்டு, ஊர்ப்பெயர்களின் ஈறுகளை நோக்கினாலும் இவ்வுண்மை புலப்படும். யாழ்ப்பாணத்திலே கொக்குவில், இணுவில், கோண்டாவில், மட்டுவில், மந்துவில் என ‘வில்’ என்று முடியும் ஊர்கள் பல. கிழக்கே பொத்துவில், தம்பிலுவில், கோளாவில் என அவ்வீறே வருகின்றது. மட்டக்களப்பை அடுத்து ஒரு கொக்குவிலும் உண்டு. வில் என்பது நீர்நிலையைக் குறிக்கும் சொல் என்பர். சிங்களத்திலுள்ள ‘வில’ என்னும் சொல்லோடு அதனை ஒப்பிடுவர். கொக்கு வந்து கூடும் நீர்நிலை வடக்கில் ஒன்றும் கிழக்கில் ஒன்றும் இருந்ததில் வியப்பு யாது?

இனி ஒரு சிக்கலான பெயரை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் ஊரின் பெயர் திருநெல்வேலி. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் அங்கே பரமேசுவராக் கல்லூரியை நிறுவினார். அக்கல்லூரி வளவிலேயே 1974இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது. தமிழ்நாட்டிலே தாமிரபரணிக் கரையில் நெல்லையப்பர் வீற்றிருக்கும் நகரும் திருநெல்வேலி. கடலுக்கு அப்பாலுள்ள பெருநகரின் பெயரே இங்குள்ள சிற்றூருக்கு வந்தது என்று கூறுதல் மிக எளிது, கேட்போருக்கும் இனிது. ஆயினும் அவ்வூரைச் சுற்றி நோக்குங்கள். நீர்வேலி, அச்சுவேலி, சங்குவேலி, கட்டைவேலி என ‘வேலி’ என்னும் ஈறுடைய ஊர்கள் யாழ்ப்பாணத்திற் பரந்து கிடக்கின்றன. வேலி என்பது அடைப்பைக் குறிப்பதோடு, இருபது மா கொண்ட நில அளவையும் குறிக்கும் பழஞ்சொல். இத்தனை வேலிகளுக்கு நடுவே ஒரு நெல்வேலி இருப்பதற்குத் தாமிரபரணியிலிருந்து எவரும் பெயர் கொண்டுவர வேண்டியதில்லை. அன்றியும், ஊரார் பேச்சிலே அது ‘தின்னவேலி’ என்றே வழங்குகின்றது. ‘திருநெல்வேலி’ என்னும் திருந்திய வடிவத்தின்மீது தென்னாட்டு நகரின் புகழ் படிந்திருக்கலாம். அதனை மறுப்பதற்கில்லை. பெயர் இங்கேயே பிறந்து, அதன் எழுத்து வடிவம் மட்டும் அங்கிருந்து மெருகு பெற்றிருத்தலும் கூடும். சான்று வேண்டுவோர் அந்தப் பாதிவழியில் நின்றுவிடுதலே தக்கது.

சில பெயர்கள் நிலத்தைக் குறிப்பதுடன், பெயரிட்டவன் எங்கே நின்றான் என்பதையும் காட்டிக் கொடுக்கின்றன. அக்கரைப்பற்று என்பதை ஆராய்க. அம்பாறை மாவட்டத்திலுள்ள அக்கரைப்பற்றை யாவரும் அறிவர். புத்தளத்திலும் ஓர் அக்கரைப்பற்று உண்டு. அது களப்புக்கு அப்பாலுள்ள கற்பிட்டிக் குடாநாட்டுப் பகுதி. அங்கேயே பிறந்து வாழும் ஒருவனுக்குத் தன் ஊர் எங்ஙனம் அக்கரையாகும்? அவனுக்கு அஃது இக்கரையன்றோ? ஆகவே பெயரிட்டவன் நீருக்கு இப்பாலே புத்தளத்தில் நின்று கைநீட்டிச் சுட்டியவன். காலப்போக்கில் அக்கரையில் வாழ்வோரும் தம்மை அக்கரையார் என்றே சொல்லிக்கொண்டனர். மற்றவர் வாயினின்றும் தன் பெயரைப் பெற்றுக்கொள்ளுதல் ஊருக்கும் உண்டு, மனிதருக்கும் உண்டு.

தொடக்கத்தே கூறிய புதுக்குடியிருப்புக்கு மீள்வோம். முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பு, 2009ஆம் ஆண்டுப் போரின் இறுதி மாதங்களில் உலகச் செய்திகளில் ஓயாது அடிபட்டது. மட்டக்களப்புக்குத் தெற்கே கடலோரத்தில் ஒன்றும் மன்னார்த் தீவில் ஒன்றும் அமைதியாக இருந்து வருகின்றன. காடு வெட்டிக் குடியேறினோர் எங்கெங்கு உளரோ அங்கெல்லாம் இப்பெயர் பிறக்கும். குடியிருப்பு நூறாண்டு கடந்து பழையதானாலும் பெயர் மட்டும் புதியதாகவே நிற்கும். இதுவும் நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. உரோமரை நடுங்க வைத்த கார்த்தேஜ் என்னும் நகரின் பெயருக்கு, அதனை நிறுவிய பினீசியர் மொழியில் ‘புது நகர்’ என்றே பொருள். இத்தாலியிலுள்ள நேப்பிள்ஸ் கிரேக்கர் இட்ட ‘புது நகர்’. உருசியாவின் நொவ்கொரொட்டும் ‘புது நகர்’. கார்த்தேஜினர் ஸ்பானிய நாட்டிற் கட்டிய பட்டினத்தை உரோமர் ‘புதிய கார்த்தேஜ்’ என்றனர். அதாவது புதிய புது நகர்! அதுவே இன்றைய கார்த்தகேனா. ஸ்பானியர் 1533இல் தென்னமெரிக்கக் கரையில் நிறுவிய துறைமுகத்துக்கும் அப்பெயரையே இட்டனர். முளைத்த பெயர் ஒன்று கப்பலேறிய பெயராய் மாறிய கதை இது.

கப்பலேறி வந்த பெயர்களைக் காண்பதற்கு நாம் கொலொம்பியா வரை செல்ல வேண்டியதில்லை. நம் காரைதீவே போதும். யாழ்ப்பாணக் கோட்டை 1658ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்கள் தீவுகளைத் தம் படத்தில் வரைந்தபோது, தமிழ்ப் பெயர்களுக்குப் பக்கத்தே தம் நாட்டு நகரங்களின் பெயர்களையும் எழுதினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. வேலணையும் ஊர்காவற்றுறையும் உள்ள தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு றொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ப்ட். யாழ்ப்பாணத்திற் சமயப் பணி புரிந்து, 1672இல் அம்ஸ்ரடாம் நகரிலே தம் பெருநூலை வெளியிட்ட பாதிரியார் பிலிப்பஸ் பால்டேயஸ் இத்தகைய பெயர்களை எழுதி வைத்தார்.

இப்பெயர்களைக் கண்டபடி தெரிந்தெடுத்தனர் என்று எண்ணலாகாது. 1602இல் நிறுவப்பெற்ற ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஆறு சங்கங்களாற் பகுக்கப்பட்டிருந்தது. அம்ஸ்ரடாம், மிடில்பேர்க், டெல்ப்ட், றொட்டர்டாம், ஹூர்ண், என்க்ஹய்சன் ஆகிய நகரங்களில் அச்சங்கங்கள் இருந்தன. முதல் போட்டவர், கப்பல் கட்டியவர், இலாபம் பங்கிட்டவர் யாவரும் அந்நகரத்தினர். எனவே நம் தீவுகளுக்குச் சூட்டப்பட்டவை முதலாளிகளின் ஊர்ப்பெயர்கள்! லெய்டனும் ஹார்லெமும் அந்நாட்டின் மற்றைப் பெருநகரங்கள். போர்த்துக்கேயர் இவ்வாறு செய்திலர். அவர்கள் நெடுந்தீவிலே பசுக்களைக் கண்டனர். பசுக்களின் தீவு என்று தம் மொழியிற் பெயரிட்டனர். கண்ணெதிரே நின்றதைப் பெயராக்கிய வகையில் அவர்கள் காரையைக் கண்டு காரைதீவு என்றவனுக்கு அண்மையர். ஒல்லாந்தரோ தம் நெஞ்சில் நின்றதைப் பெயராக்கினர். எனினும் அவர்களும் ஒருமுறை கண்ணாற் கண்டு பெயரிட்டதுண்டு. காரைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நீரில் எழுந்து நிற்கும் கடற்கோட்டைக்கு அவர்கள் இட்ட பெயர் ஹாமன்ஹீல். பன்றித் தொடையின் குதி என்பது அதன் பொருள். இலங்கைத் தீவின் வடிவம் அவர்கள் கண்ணுக்குப் புகையூட்டிய பன்றித் தொடையாகத் தோன்றியதாம். நம் புலவர்களுக்கு முத்தாகவும் மாங்கனியாகவும் தோன்றிய நாடு, பசித்த மாலுமிக்கு வேறுவிதமாகத் தோன்றியதிற் குறை காண்பதற்கில்லை.

ஏறத்தாழ அதே ஆண்டுகளிலே உலகின் மறுபுறத்தில் இதே மக்கள் இதே பெயர்களைச் சூட்டிக்கொண்டிருந்தனர். வட அமெரிக்காவில் ஹட்சன் ஆற்று முகத்திலே அவர்கள் அமைத்த பட்டினத்தின் பெயர் நியூ அம்ஸ்ரடாம். அப்பட்டினத்துக்கு வடக்கே, யாழ்ப்பாணக் கோட்டை வீழ்ந்த அதே 1658ஆம் ஆண்டில், நியூ ஹார்லெம் என்றொரு சிற்றூர் நிறுவப்பட்டது. 1664இல் ஆங்கிலேயர் அந்நாட்டைக் கைப்பற்றி நியூ அம்ஸ்ரடாமை நியூயோர்க் ஆக்கினர். ஆயினும் ஹார்லெம் என்னும் பெயர் அழிந்திலது. ஒல்லாந்தரின் பிரக்லன் என்னும் ஊரின் பெயர் புரூக்ளின் எனத் திரிந்து இன்றும் நிலைத்துள்ளது. ஹார்லெம் இருபதாம் நூற்றாண்டிற் கறுப்பின மக்களின் இசைக்கும் இலக்கியத்துக்கும் உறைவிடமாய் உலகப் புகழ் பெற்றது. நயினாதீவும் அந்த ஹார்லெமும் ஒருகாலத்தில் ஒரு பெயர் பூண்டிருந்தன என்பதை இரண்டு ஊராரும் இன்று அறிவது அரிது.

பெயர் அங்கே நிலைத்தது, இங்கே மறைந்தது. ஆட்சிக் காலத்தின் அளவை நோக்கினால் விளைவு தலைகீழாக இருந்திருத்தல் வேண்டும். அங்கே ஒல்லாந்தராட்சி சில பத்தாண்டுகளில் முடிந்தது; இங்கே 1658 முதல் 1795 வரை நூற்று முப்பத்தேழு ஆண்டுகள் நிலவியது. ஆயினும் நியூ ஹார்லெமில் ஒல்லாந்தக் குடியானவர் மனைவி மக்களோடு குடியிருந்தனர். உழுதவன் அப்பெயரைச் சொன்னான். தாய் பிள்ளையை அப்பெயர் சொல்லி வளர்த்தாள். ஆட்சி மாறியபின்னும் அவர்கள் அங்கேயே வாழ்ந்தனர். நயினாதீவிலும் அனலைதீவிலும் குடியிருந்தோர் தமிழர். ஹார்லெம், றொட்டர்டாம் என்னும் பெயர்கள் கம்பனியின் படத்திலும் கணக்கேட்டிலும் வாழ்ந்தன. அடுப்பங்கரைக்கும் வள்ளத்துக்கும் அவை வந்தில. படம் வரைந்தவன் கப்பலேறிப் போனபோது பெயரும் அவனோடு போயிற்று. ஆகவே, கப்பலேறி வந்த ஒரு பெயர் மக்கள் வாயில் நிலைத்திருக்கக் கண்டால், அப்பெயரோடு குடிகளும் வந்தனரா என்று தேடுவதற்கு நியாயம் உண்டு. காகிதத்தில் மட்டும் நிலைத்திருக்கக் கண்டால் அந்நியாயம் இல்லை.

இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு. நெடுந்தீவை ஆங்கிலத்தில் இன்றும் டெல்ப்ட் என்றே எழுதுகின்றனர். ஆங்கிலேயர் ஒல்லாந்தர் படத்தைக் கையேற்றபோது அந்தப் பெயரையும் கையேற்றனர். ஆட்சியேடுகள் அதனை விடாது தொடர்ந்தன. ஆங்கில நூலிற் படித்துவிட்டு டெல்ப்ட் என்பதும் நெடுந்தீவு என்பதும் இரண்டு தீவுகள் என்று மயங்குவோரும் உளர். ஒரு பெயர் பல ஊரைக் குறிப்பது போலவே, ஓர் ஊர் பல பெயர் கொள்வதும் வரலாறு கற்போனுக்கு இடர் விளைப்பதே. குறிகாட்டுவான் இறங்குதுறையில் நின்று ஹார்லெம் செல்லும் படகு எது என்று வினவினால் விடை கூறுவார் எவருமிலர். நயினாதீவு என்றால் காட்டுவர். சிங்கள யாத்திரிகர் நாகதீப என்றாலும் அதே படகைக் காட்டுவர். டெல்ப்ட் என்றாலோ நெடுந்தீவுப் படகைக் காட்டுவர்.

மலைநாட்டில் நடந்தது இதற்குச் சிறிது வேறானது. ஸ்கொத்லாந்திலிருந்து வந்த துரைமார் தம் தேயிலைத் தோட்டங்களுக்கு எடின்பரோ, ஹோலிறூட், பல்மோரல், டன்சினேன் என்று தம் நாட்டுப் பெயர்களைச் சூட்டினர். அத்தோட்டங்களிற் பாடுபட்ட தமிழ் மக்கள் தம் வழக்குக்கேற்பத் தமிழ்ப் பெயர்களை ஆக்கிக்கொண்டனர். பேர்கசன் வெளியிட்ட பழைய விவரத் திரட்டுகள் ஆங்கிலப் பெயருக்கு எதிரே அத்தமிழ்ப் பெயரையும் அச்சிட்டன. துரைக்கும் தொழிலாளிக்கும் ஒரு தோட்டத்துக்கு இரு பெயர் இருந்தமை தனியே ஆராயத்தக்கதொன்று. ஈண்டு அதனை விரிப்பதற்கு இடமில்லை.

மீண்டும் காரைதீவுக்கு வருவோம். ஒல்லாந்தர் நூற்று முப்பத்தேழு ஆண்டு முயன்றும் மாற்ற முடியாத பெயரை, அவ்வூர் மக்கள் தாமாகவே 1920களில் மாற்றிக்கொண்டனர். கிழக்கிலும் ஒரு காரைதீவு இருந்தமையாற் கடிதங்களும் பிறவும் மாறிச் சென்றன என்றும், அம்மயக்கத்தை நீக்கவே காரைநகர் என்று பெயர் மாற்றினர் என்றும் கூறுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பொன்னாலைக்குத் தாம்போதி அமைந்த பின்னர், அவ்வூர் முன்போலத் தனித்த தீவாகவும் இருந்திலது. காலால் நடந்து கடக்கக்கூடிய தீவைத் தீவென்பதற்கு ஊரார் மனம் ஒவ்வாதிருந்திருக்கலாம். எவ்வாறாயினும், அவர்கள் ‘தீவு’ என்பதைக் களைந்தனரேயன்றிக் ‘காரை’யைக் களைந்திலர். 1990களிற் போரினால் அவ்வூரை விட்டு நீங்கி, கனடாவிலும் பிரித்தானியாவிலும் பரந்து வாழும் அம்மக்கள் தம் மன்றங்களுக்குச் சூட்டிய பெயர்களிலும் காரையே முன்னிற்கின்றது. பெயரை உடன்கொண்டு செல்லும் குடிகள் என்று தொடக்கத்திற் கூறினோமே, அவர்களை நம் காலத்திலேயே கண்ணாற் காண்கின்றோம்.

அவ்வூரில் மற்றொன்றும் கருதத்தக்கது. அங்குள்ள சிவன் கோயிலை ஈழத்துச் சிதம்பரம் என்பர். காரைதீவு என்னும் பெயரைத் தனக்கு மட்டும் உரியதன்று என விட்டுக் கொடுத்த ஊர், சோழநாட்டுத் தில்லையின் பெயரை விரும்பி ஏற்றுக்கொண்டது! இது முளைத்த பெயருமன்று; கம்பனியின் கப்பலில் வந்ததுமன்று; வழிபாட்டாற் பெற்ற பெயர். இதனைக் கொண்டு ஊரார் அனைவரும் சிதம்பரத்திலிருந்து வந்தனர் என்று எவரும் வாதித்தல் வேண்டா. ‘ஈழத்து’ என்னும் அடைமொழியே அதற்கு விடை கூறிவிட்டது. பெயரைப் பெறும்போதே இது வேறு, அது வேறு என்று பிரித்துச் சொல்லிப் பெற்ற நேர்மை அதிலுண்டு.

கிழக்கிலுள்ள காரைதீவோ தன் பழம்பெயரை மாற்றாது காத்து வந்தது. கண்ணகி வழிபாட்டாற் சிறந்த அவ்வூரில் 1892ஆம் ஆண்டில் மயில்வாகனம் என்னும் பிள்ளைத் திருநாமத்தோடு பிறந்தவரே சுவாமி விபுலாநந்தர். அவர் யாழ்ப்பாணத்திலும் ஆசிரியப்பணி புரிந்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகித் தில்லைச் சிதம்பரத்தை அடுத்து வாழ்ந்தார். 1947இல் யாழ்நூலை வெளியிட்டு அவ்வாண்டிலேயே மறைந்தார். ‘காரைதீவிற் பிறந்தவர், யாழ்ப்பாணத்திற் கற்பித்தவர், சிதம்பரத்தில் வாழ்ந்தவர், யாழ்நூல் கண்டவர்’ என்று மட்டும் அயலூரான் ஒருவன் படித்தால் எந்தக் காரைதீவை எண்ணுவான்? யாழ்ப்பாணத்துக் காரைதீவை எண்ணி, அதன் ஈழத்துச் சிதம்பரத்தையும் உடன் சேர்த்து, பிழையற்றது போலத் தோன்றும் ஒரு பிழை வரலாற்றை அவன் மிக எளிதில் எழுதிவிடுவான். ஒவ்வொரு சொல்லும் உண்மையாய் இருக்க, முடிவு மட்டும் பொய்யாகும்.

ஆதலின் 1920களுக்கு முற்பட்ட ஓர் உறுதியிலோ விண்ணப்பத்திலோ காரைதீவு என்னும் பெயரைக் காண்போர் அப்பெயரோடு நின்றுவிடலாகாது. கீழே எல்லைகளைக் கூறும் பகுதிக்குச் செல்லல் வேண்டும். பொன்னாலையும் ஊர்காவற்றுறையும் அயலாகக் கூறப்பட்டிருந்தால் அது வடக்கு. நிந்தவூரும் வயற்கண்டமும் எல்லையாகக் கூறப்பட்டிருந்தால் அது கிழக்கு. கற்பிட்டி என்று வந்தால் அது மணற்றீவு. அம்ஸ்ரடாம் என்று வந்தாலோ, அதே ஏட்டின் முன்பின் பக்கங்களை மிக நிதானமாகப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். அது காரைதீவாகவும் இருக்கலாம், அம்ஸ்ரடாமாகவே இருப்பதும் கூடும்.